மேரியின் பாலும் நான் சொன்ன சொல்லும்

பாசத்தில் எப்போதும் என்னை முந்திக்கொண்ட மணி மச்சானுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். ஹுன்னஸ்கிரியவில் உங்கள் மாட்டுப்பட்டி வாசலில் கையில் கிளாஸோடு நீங்கள் நிற்க, எதிரில் நின்று சொன்னேனே: "மச்சான், சாமிக்குத்தான் பச்சைப்பால். மனுசனுக்குக் காய்ச்சின பால்." அந்த வாசகம் இப்போது நோட்டீஸாக அச்சாகித் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போகிறது. கீழே சின்ன எழுத்தில் என் பேரும் இருக்கிறது. பார்க்க நீங்கள்தான் இல்லை.

உங்கள் வருசத் தெவசத்துக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறோம். எல்லாம் உங்கள் மகள் தர்ஷினியின் ஏற்பாடு. "மாமா, அப்பாவுக்குக் கடிதம் மாதிரி ஒண்ணு எழுதித் தாங்க. ஒரு பக்கம் போதும்" என்றாள். ஒரு பக்கமா? பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். பிறகு என் தங்கச்சி புஷ்பத்தைக் கட்டினீர்கள். கட்டிய அன்றைக்கே அம்மா என் காதைத் திருகி, "இனிமே மாப்பிள்ளைய வாடா போடான்னே, வாயில சூடு வெப்பேன்" என்றாள். அதிலிருந்து முப்பது வருசமாக நீங்கள் எனக்கு 'நீங்கள்'. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்குமா?

இதை வாசிக்கும் சொந்தக்காரர்களில் என்னைத் தெரியாத சின்னஞ்சிறுசுகளும் இருக்கும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கண்டி டவுனில் ஒரு பார்மசியில் இருபத்திரண்டு வருசம் இருந்தவன். மருந்து கொடுத்தவன் என்றால் முதலாளி கோபிப்பார். மருந்தைப் பையில் போட்டுக் கொடுத்தவன். எட்டாம் வகுப்புவரை படித்தேன். எட்டை இரண்டு தரம் படித்ததால் அதை ஒன்பது என்று சொல்வது என் வழக்கம். குடும்பத்தில் எனக்கு டொக்டர் மாமா என்று பேர். மஹய்யாவவில் என் வீட்டு வாசலுக்கு வந்து "மாமா, இருமலுக்கு என்ன குடிக்கலாம்?" என்று கேட்காத ஆள் கிடையாது. நீங்களும் கேட்டீர்கள். மற்ற எல்லாரையும் விட நீங்கள்தான் அதிகம் கேட்டீர்கள்.

மேரியை வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? தேயிலை ஃபெக்டரி வேலையில் இருந்து ஓய்வு வாங்கி, வந்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு மாடு புடிப்போம் மச்சான், கூட வாங்க" என்றீர்கள். கலகெதரவுக்கு பஸ் ஏறினோம். அங்கே முப்பது மாடு நின்றது என்று நான் சொல்வேன். நாலு என்று நீங்கள் புஷ்பத்திடம் சொல்லிவிட்டீர்கள். சரி, நாலு. அந்த நாலில் மேரியைக் காட்டியவன் நான். பழைய சொந்தக்காரர் வேதக்காரர், அதனால் அந்தப் பேர். "பேரை மாத்துவோமா?" என்று நீங்கள் கேட்டதற்கு, "பேரை மாத்தினா பால் வத்திரும்" என்றேன். அதை எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.

லொறியில் வரும்போதே மேரி இருமியது. மலை ஏற ஏற இரண்டு மூன்று தரம், ஆள் இருமுகிற மாதிரி. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "கீழ்நாட்டு மாடு. குளிர் புடிச்சிருக்கு. மிளகு தட்டிப் போடுங்க, சரியாயிரும்" என்றேன். தட்டிப் போட்டீர்கள். நான் சொல்லி நீங்கள் எதைத்தான் செய்யவில்லை?

இரண்டு வருசம் நல்லாத்தான் போனது. பிறகு உங்களுக்குப் பின்னேரமானால் காய்ச்சல். ஆறு மணிக்கு ஏறும், விடியக் காணாமல் போகும். வயிறு உப்பியது. சோறு இறங்கவில்லை. அரைஞாண் கயிற்றில் முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டீர்கள். "கேஸ்டிரைட்டிஸ்" என்றேன். அந்தச் சொல்லை நான் எவ்வளவு அழகாகச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். பார்மசியில் இருந்து வெள்ளை மருந்துப் போத்தல் மூன்று கொண்டுவந்து தந்தேன். மூன்றையும் குடித்தீர்கள். இருமலே இல்லாத மனுசனுக்கு டீபி என்று யாருக்காவது தோன்றுமா மச்சான்? எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்றுதான் பிறகு ஊரெல்லாம் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்த டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க எந்த மெடிக்கல் கொலேஜ்?" என்று கேட்டார் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அவர் கேட்டது, "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்று. குடலெல்லாம் ஒட்டி, முடிச்சு முடிச்சாக இருந்ததாம். டீபி என்றார். வயிற்றிலா என்று கேட்டேன். வயிற்றில்தான் என்றார். அதற்குப் பிறகு நீங்கள் வார்டில் இருந்தது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தால், "மச்சான், பயப்பட ஒண்ணுமில்லையே?" என்று என்னிடம்தான் கேட்டீர்கள். பக்கத்திலேயே நேர்ஸ் நிற்பார். ஆனாலும் என்னிடம்தான் கேட்டீர்கள்.

நீங்கள் போய் எட்டாம் நாள் படையல் முடிந்து எல்லாரும் உங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது தர்ஷினி கேட்டாள். அவள் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள் இல்லையா, மாடு கன்றுகளின் நோய் பற்றிய படிப்பு. "அப்பா பாலைக் காய்ச்சாமக் குடிப்பாராம்மா?" என்றாள்.

 பால் சென்டர் லொறி ஆறு மணிக்கு வரும், கேன் கீழே போய்விட வேண்டும், அடுப்பு மூட்ட நேரம் இருக்காது, வீட்டுக்கு என்று ஒரு கிளாஸைப் பட்டியிலேயே கறந்து நின்றபடி குடித்துவிடுவீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். அந்த லயத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டிலெல்லாம் அப்படித்தான். அதை ஒரு தப்பாக அங்கே எவரும் பெரிதாக எடுத்ததில்லை. தர்ஷினியின் கண் ஒவ்வொரு முகமாக வந்து என்னில் நின்றது. நான் டொக்டர் மாமா அல்லவா? வாய் திறந்தேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன். பட்டி வாசல், கையில் கிளாஸ், சாமிக்குப் பச்சைப்பால், மனுசனுக்குக் காய்ச்சின பால், எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன்.

புஷ்பம் தலையைத் தூக்கினாள். "எப்பண்ணே சொன்னீங்க?"

"மேரி வந்த புதுசுல. நீ அடுப்படியில நின்னியே, காதுல விழலையா?"

அவள் யோசித்தாள் மச்சான். ரொம்ப நேரம் யோசித்தாள். அந்த முகத்தை என்னால் இன்றுவரை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கடைசியில், "விழுந்திருக்கும்" என்றாள்.

இனி உங்கள் மகளின் சேதி. தர்ஷினி இப்போது பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சியில் வேலை செய்கிறாள். மாட்டு டீபி பால் வழியாக மனுசனுக்கு எப்படி வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி. டீபி என்றால் இருமலில் பரவுவது, எச்சிலில் பரவுவது என்றுதானே நாமெல்லாம் இருந்தோம்? சாப்பாட்டில் வருமா? வருமாம். மாட்டுக்கென்று ஒரு டீபி இருக்கிறதாம். பாலோடு இறங்கினால் நெஞ்சுக்குப் போக வேண்டும் என்றில்லையாம். கழுத்துக் கழலையில் உட்காரும், இல்லாவிட்டால் வயிற்றில் உட்காரும். பாலைப் பொங்க வைத்தால் செத்துப்போகுமாம். அவ்வளவுதானாம். ஒரு பொங்கு, மச்சான்.

ஒருநாள் என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து அவள் இதையெல்லாம் விளக்கும்போது நான் கேட்டேன், "அப்பாவுக்கு வந்தது மாட்டு டீபியா, மனுச டீபியா?"

"தெரியாது மாமா."

"அந்தக் கிருமி பாக்குற கண்ணாடியில வெச்சுப் பாத்தா தெரியாதா?"

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். வளத்துப் பாக்கணும், பிரிச்சுப் பாக்கணும். அப்பாகிட்ட இருந்து எடுத்த துண்டை மருந்துத் தண்ணியில போட்டுட்டாங்க. அதுல கிருமி வளராது. வேற வழியில பாக்கலாம்னு எங்க ஆராய்ச்சி மேடமும் முயற்சி பண்ணிப் பாத்தாங்க. ஒண்ணும் கிடைக்கல."

"ஏன் முதல்லயே வளத்துப் பாக்கல?"

"டீபின்னு தெரிஞ்சதும் டீபி மருந்து குடுத்தாங்க. எந்த டீபின்னு யாரும் கேக்கல. மாட்டுக் கிருமிக்கு அதுல ஒரு மருந்து வேலை செய்யாது. ஆனா அப்பா வந்த நிலைமைக்கு எந்த மருந்து குடுத்திருந்தாலும்..." நிறுத்திவிட்டாள். பிறகு, "யாரும் தப்பு செய்யல மாமா. யாருக்கும் கேக்கத் தோணல" என்றாள்.

என் மருமகள் இவ்வளவு படித்துவிட்டு "தெரியாது" என்கிறாள். நான் இவ்வளவு படிக்காமல் எல்லாம் தெரியும் என்று ஒரு ஆயுசு ஓட்டிவிட்டேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பாரம் அதிகம், சொல்லுங்கள்?

மேரிக்குப் பரிசோதனை செய்தார்கள். மாட்டு டொக்டர் வந்து கழுத்தில் மயிரை வழித்துவிட்டு ஊசி போட்டார். மூன்று நாள் கழித்து வந்து அந்த இடத்தை அளப்பார்களாம். வீங்கினால் நோய் இருக்கிறது. அந்த மூன்று நாளும் நான் உங்கள் வீட்டுக் காம்பராவில்தான் இருந்தேன். புஷ்பம் பட்டிக்குப் போவாள், அந்த இடத்தைப் பார்ப்பாள், தொடமாட்டாள், திரும்பி வருவாள். இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. நெல்லிக்காய் அளவுக்கு எழும்பி இருந்தது. "ஊசி குத்தினா வீங்கத்தான் செய்யும், எனக்கும் வீங்கும்" என்று சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

மாட்டு டொக்டர் சிங்களவர். நல்ல மனுசன். தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார். "அம்மா, இந்த மாடு இனி கறக்க வேணாம். பால் குடிக்க வேணாம், விக்க வேணாம். நாங்க கொண்டு போறது."

"எங்க?" என்றாள் புஷ்பம்.

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பாசையும் தெரிந்தவன் நான். திரும்பி மேரிக்குப் புல் அள்ளிப் போட்டேன்.

லொறி வந்த அன்று மேரி பலகையில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. மூன்று ஆள் தள்ளியும் நகரவில்லை. நான் வாலைப் பிடித்தேன், வாங்கியது ஓர் உதை. முழங்காலில் இன்னும் இருக்கிறது. (உதைத்த சத்தம் ஃபெக்டரிவரை கேட்டது என்று ஊரில் சொல்லியிருக்கிறேன்.) அப்போது புஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே பலகையில் ஏறி லொறிக்குள் நின்று, "வா புள்ள" என்றாள். மேரி ஏறிவிட்டது. தினமும் பட்டிக்குள் கூப்பிடுகிற அதே குரல், அதே இரண்டு சொல்.

மேரிக்கு நோய் இருந்தது உறுதி என்று தெரிந்தபிறகும் தர்ஷினியிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்ப அப்பாவுக்கு அங்க இருந்துதான வந்துச்சு?"

"மேரிக்கு இருந்துச்சு, அப்பாவுக்கும் இருந்துச்சு. மேரிகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நான் எழுத முடியாது மாமா. மனுசன்கிட்ட இருந்து மாட்டுக்குப் போறதும் உண்டு. கேக்குறதுக்கு ரெண்டு பேருமே இல்லையே."

ஆராய்ச்சி என்றால் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எது இனிமேல் கண்டுபிடிக்க முடியாதது என்று பக்கம் பக்கமாக எழுதுவதும் ஆராய்ச்சிதானாம்.

புஷ்பத்தைப் பற்றி எழுதாமல் இரண்டு தாளைக் கடத்திவிட்டேன். நீங்கள் அங்கிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அவளுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. நோய் இல்லை. ஆனால் மச்சான், அவள் பால் காய்ச்சுகிறாள்.

மாடு போய்விட்டது. கடையில் பால்மா வாங்குகிறாள். கரைத்த பால்மாவை அடுப்பில் ஏற்றுகிறாள். பொங்கி வரும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். இறக்குகிறாள். மறுபடி ஏற்றுகிறாள். மூன்று பொங்கு. அடி பிடித்துக் கருகி, வீடெல்லாம் தீய்ந்த வாடை. கருகினதை ஊற்றிவிட்டு மறுபடி கரைக்கிறாள். மஹய்யாவவில் என் வீட்டில் இரண்டு வாரம் கொண்டுவந்து வைத்திருந்தோம். என் வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம், "உங்க தங்கச்சி பாலைக் காய்ச்சலங்க. பாலுக்குத் தண்டனை குடுக்குறா" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோறு இரண்டு கவளம். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. "இப்பிடியே போனா அம்மாவையும் தூக்கிக் குடுத்துருவோம் மாமா" என்று தர்ஷினி என் கையைப் பிடித்துச் சொன்னாள். "அம்மா நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. ஏதாவது சொல்லுங்க."

என்னிடம் சொல்லச் சொன்னார்கள் மச்சான். என்னிடம்!

சொல்லாமல் இருப்பேனா? பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தப்பு இல்ல புள்ள" என்றேன்.

"நீங்க சொன்னீங்களேண்ணே. எனக்குக் காது இருந்துச்சே."

"மச்சானுக்கு வயித்துல முன்னாலயே கோளாறு. கொழும்புல ஒரு பெரிய டொக்டர் சொன்னாரு, இது பாலால வந்ததே இல்லையாம்."

"எந்த டொக்டர்? பேரென்ன?"

ஒரு பேர் வரவில்லை. வாயைத் திறந்தால் பத்துப் பேர் கொட்டுகிறவன் நான். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "விடுங்கண்ணே. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. அன்னிக்கும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நான்தான் கேக்கல." என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது.

இதற்கு நடுவில்தான் அந்த நோட்டீஸ். ஆராய்ச்சிக்காரர்கள் தோட்டங்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் போட வேண்டி இருந்ததாம். காய்ச்சுங்கள், கிருமி, ஆபத்து என்றெல்லாம் முன்னாலும் போட்டிருக்கிறார்கள். சனம் வாங்கி வடை சுற்றியது. தர்ஷினிக்கு என் வாசகம் ஞாபகம் வந்திருக்கிறது. 'சாமிக்குப் பச்சைப்பால், மனுசனுக்குக் காய்ச்சின பால்.' பெரிய எழுத்தில் போட்டார்கள். மச்சான், அது வேலை செய்கிறது! நம் கோயிலில் அபிசேகத்துக்குக் காய்ச்சின பால் எடுக்க மாட்டார்கள் என்று நம் சனத்துக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அதை வைத்துச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். பால் சென்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது. கடை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. பட்டியில் நின்று குடிப்பதை எத்தனையோ வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று தர்ஷினி சொல்கிறாள். உங்கள் லயத்துச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. புஷ்பம் தண்ணி எடுக்க அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் அதை வாசித்துவிட்டுத்தான் போகிறாள்.

போன மாதம் தோட்டத்து மண்டபத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தர்ஷினி மைக்கைப் பிடித்து, "இந்த வாசகத்தைச் சொன்னது எங்க மாமாதான்" என்றதும் கை தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பேசினேன் பாருங்கள்! கிருமி எப்படிப் பாலில் நீந்துகிறது என்று கையை ஆட்டிக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார்.

"எல்லாம் சரி டொக்டர் மாமா. இவ்வளவு தெரிஞ்ச நீங்க சொல்லியும் உங்க மச்சானே ஏன் கேக்கல?"

கூட்டம் சிரித்தது. கிண்டலுக்குத்தான் கேட்டார். நானும் கிண்டலாக ஒன்று சொல்லி இறங்கியிருப்பேன். அதற்குள் பெண்கள் பக்கத்தில் இருந்து புஷ்பம் எழும்பிவிட்டாள்.

"அவரு கேக்காம இல்ல" என்றாள். "அண்ணன் எங்கிட்டத்தான் காய்ச்சிக் குடுக்கச் சொன்னாரு. ரெண்டு மூணு தரம் சொன்னாரு. நான்தான் விறகு மிச்சம்னு விட்டுட்டேன்."

மச்சான், அப்படி நான் சொன்னதே இல்லை. அவளிடம் சொன்னதாக நான் பெருமை அடித்ததுகூட இல்லை. இரண்டு மூன்று தரம் என்பதும் விறகு என்பதும் அவளே சேர்த்துக்கொண்டது. நான் பாதி கட்டி வைத்த சுவரை அவள் தன் கையால் முடித்து, தன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது.  "சரி சரி, இனி எல்லாரும் காய்ச்சிக் குடிப்போம்" என்றேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தாள். "நல்லா பேசினீங்கண்ணே" என்றாள்.

டேய் மணி.

இனி 'நீங்கள்' என்று எழுத முடியவில்லை. அம்மா வந்து காதைத் திருகட்டும்.

அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது, நான் ஊருக்குச் சொன்ன மாதிரி இல்லை. நீ, நான், மேரி. வேறு யாரும் இல்லை. கேனைக் கீழே அனுப்பிவிட்டாய், லொறி ஹோன் கேட்டது. ஒரு கிளாஸ் உன் கையில் நுரையோடு இருந்தது. நீயாகத்தான் கேட்டாய். "ஏன் மச்சான், ரேடியோவுல காய்ச்சித்தான் குடிக்கணும்னு சொல்றாங்களே, காய்ச்சணுமா?" என்று கேட்டாய். உனக்குத் தெரிந்திருந்தது. சந்தேகம் வந்திருந்தது. டொக்டர் மாமாவிடம் ஒரு தரம் கேட்டுவிடலாம் என்று கேட்டாய்.

நான் சொன்னது இது: "காய்ச்சினா சத்தெல்லாம் ஆவியாப் போயிரும். சாமிக்கே பச்சைப்பால்தான ஊத்துறோம்? சாமிக்கு ஒத்துக்குறது உங்களுக்கு ஒத்துக்காதா?"

நீ சிரித்தாய். குடித்தாய். மீசையில் நுரை. இன்னொரு கிளாஸ் கறந்து என்னிடம் நீட்டினாய். "எனக்குச் சளி" என்றேன். சளி இல்லை. பச்சைப்பால் வாடை எனக்கு எப்போதும் ஆகாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் குடித்தாய். எட்டாம் நாள் வாசலில் தர்ஷினி கேட்டபோது அந்த வார்த்தையைத்தான் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். பயத்தில் வந்தது. இவ்வளவு அழகாக வரும் என்று நானே நினைக்கவில்லை. இப்போது அது ஊரைக் காப்பாற்றுகிறது, என் தங்கச்சியைத் தின்கிறது.

பாலால்தான் உனக்கு வந்ததா என்று தர்ஷினிக்குத் தெரியாது, அவள் மேடத்துக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை மணி. உனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது. புஷ்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நோட்டீஸில் வாசகம் இருக்கட்டும். என் பேரை எடுத்துவிடச் சொல்கிறேன். தர்ஷினி ஆராய்ச்சிக்காக உன்னைப் பற்றி நிரப்பும் படிவத்தில் 'காய்ச்சாத பால் குடிக்கும் பழக்கம்' என்ற இடத்தில் 'தினமும்' என்று எழுதச் சொல்வேன். யார் சொல்லி என்று கேட்க அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதச் சொல்வேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாளா, தெரியாது. புஷ்பம் என்னை இனி அண்ணே என்று கூப்பிடுவாளா, அதுவும் தெரியாது. நான் சொல்லிவிட்டால் அவள் அடுப்பை அணைத்துவிடுவாளா? அதையும் யாரிடம் கேட்பேன், நீயும் இல்லை.

இந்தப் புத்தகம் அச்சிலிருந்து வருவதற்கு முன்னாலேயே, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிறேன். அவள் அடுப்படியில்தான் நிற்பாள். மூன்றாவது பொங்கு வரும்வரை காத்திருக்க மாட்டேன். பாத்திரத்தை நானே இறக்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்துச் சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு. இதில் ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன்: "புள்ள, அன்னிக்கு நீ அடுப்படியில இல்ல. காலையிலயே கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் போயிட்ட. நான் காய்ச்சச் சொல்லவும் இல்ல."

இப்படிக்கு,
புஷ்பத்தின் அண்ணன், வாங்கில் உன் பக்கத்தில் இருந்தவன்,
உன் மச்சான் செல்வராஜா